தபாலில் போன பிள்ளை

தம்பி,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கச் சொல்லி உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு நலமில்லை, உன் நலம் எனக்குத் தெரியாது. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். பயமாக இருக்கிறது என்பதுதான் செய்தி. அதை ஒரு வரியில் எழுதி மடித்துவிடலாம்தான், ஆனால் இது ஒரு வரியில் அடங்குகிற பயமாக இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பென்சில் எழுத்து, கோணல்மாணலாக இருக்கும். டில்லியில் பெரிய துரைமார் எழுதுவதையெல்லாம் நீதான் திருத்துவாய் என்று சொன்னாயே, அதுபோல இதையும் திருத்திப் படித்துக்கொள்.

நீ பட்டாளத்தில் சேர்ந்தபோது எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. மதுரையில் படிப்பு முடிந்த கையோடு வாத்தியார் வேலைக்குப் போவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னடா என்றால் ஆபீசர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். அன்று முதல் கூடலூர்ச் சாலையில் எந்த வண்டி நின்றாலும் என்ன செய்தி வருகிறதோ என்று வாசலுக்கு ஓடுவேன். போடி ரயிலின் தண்டவாளத்தையே யுத்தத்துக்கு வேண்டுமென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கிடந்த இரும்பையே விடாதவர்கள் நடக்கிற பிள்ளையையா விடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு டில்லியில், பட்டாளத்தின் தலைமை ஆபீசில் உன்னை உட்கார வைத்திருப்பதாக எழுதினாய். நாற்காலி, மேஜை, பேனா என்று எழுதியிருந்தாய். அந்த மூன்று சொல்லையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்தத் தடவை வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய் ஆத்தாளுக்கு மாவிளக்குப் போட்டேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனைக் குண்டு தேடி வராது என்று அவளிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் லீவில் நீ வந்தபோது ஊரே நம் வாசலில் கூடியதை நீ மறந்திருக்க மாட்டாய். எத்தனை பேரைச் சுட்டாய் என்று மாமா கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, அந்த ஆபீசில் ஜெனரல்கள் யோசிப்பார்கள், கர்னல்கள் பேசுவார்கள், எங்களைப் போன்ற கேப்டன்கள் எழுதுவோம் என்றாய். அவர்கள் வாய்க்குள்ளே முணுமுணுத்ததை இங்கிலீஷில் ஒழுங்காக எழுதி முன்னால் வைக்க வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், போட்டதும் அது அவர்கள் சொன்னதாகிவிடும் என்றாய். சுவரில் பெரிய படம் மாட்டியிருக்கும், எந்தப் படை எங்கே நகர்கிறதோ அதற்குத் தக்கபடி குண்டூசியைப் பிடுங்கிக் குத்துவதும் உன் வேலைதான் என்றாய். மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “குண்டூசி குத்தவா மாப்ள ஒன்னைய டில்லிக்குக் கூப்பிட்டாக?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஊசிக்கும் கீழே ஆயிரம் பேர் நிற்கிறார்கள் மாமா என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் எழுந்து போனாய். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் பணியாரத்துக்கு மாவு புளித்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு என் பாடு உனக்குத் தெரியாது. டில்லியில் பிள்ளை இருக்கிறான், அவன் எழுதினால் பெரியவர் கையெழுத்துப் போடுவார் என்று கம்பம் வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. உத்தமபாளையத்திலிருந்து ஒரு ராவுத்தர் அம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்து, தன் மகனைப் பர்மாப் பக்கம் அனுப்பாமல் சமையல் வேலையில் போடச் சொல்லி என் கையைப் பிடித்து அழுதது. ஆண்டிபட்டியிலிருந்து நெசவுக்காரர் ஒருவர் நல்ல துண்டு ஒன்றை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். உனக்கு எழுதிக் கேட்டேன். எனக்கு எழுதத்தான் தெரியும் அம்மா, அதிகாரம் எல்லாம் மேலே இருப்பவர்களுக்குத்தான் என்று பதில் போட்டாய். அதை நான் நம்பினேன். வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். என் மகன் சின்ன ஆபீசர், அவனால் ஒன்றும் ஆகாது என்று சந்தோஷமாகச் சொன்ன தாய் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஒன்றும் செய்ய முடியாதவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு ஒரு கணக்கு.

இனி கல்யாண விஷயம். வைகாசியில் உனக்கும் பவுனுக்கும் முகூர்த்தம் வைக்கலாமா, லீவு கிடைக்குமா, சம்மதம் என்றால் உடனே பதில் போடு என்று நான் எழுதியிருந்தேன். மாமா மகள் எத்தனை நாளைக்குத்தான் முறைப்பெண் என்கிற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மாடு கட்டிக்கொண்டிருப்பாள்? ஒரு வாரம் பார்த்தோம், இன்னொரு வாரம் பார்த்தோம். கம்பத்துத் தந்திச் சேவகன் சைக்கிளை நம் வாசலில் சாய்த்தான். தந்தி என்றதும் நான் உள்ளே போய்விட்டேன். மாமாதான் அதை வாங்கிக்கொண்டு போஸ்ட் ஆபீசுக்கு ஓடினார். போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொன்னாராம். ‘போஸ்டட் யெஸ்டர்டே. டோன்ட் வொர்ரி.’ நேற்றே போஸ்ட் செய்தாயிற்று, கவலை வேண்டாம் என்று அர்த்தம் சொல்லி, கடிதம் வழியில் இருக்கிறது, வந்ததும் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலை முதல் சாயங்காலம் வரை போஸ்ட், போஸ்ட் என்றே வாழ்கிற மனிதருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம் தோன்றும்?

நான் கேட்ட கேள்விக்கு நீ போட்ட பதில் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். “சம்மதம் இல்லாமயா கவலைப்படாதன்னு காசு குடுத்துத் தந்தி அடிப்பான்?” என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, கல்யாண முருங்கைக் கொம்பில் முகூர்த்தக்கால் நட்டோம். கால் நட்ட பிறகு மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது நம் வழக்கம். மாப்பிள்ளைதான் டில்லியில் இருக்கிறானே என்று நான் தயங்கினேன். டில்லி எல்லையைத் தாண்டாமல் இருந்தால் சரி என்று மாமா வழக்கத்தையே உனக்காக வளைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். பவுனு வெட்கப்படுகிற ஜாதியா? கொம்பு கோணலாக நிற்கிறது என்று அவளே வந்து நிமிர்த்திவிட்டுப் போனாள். நான் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். அதுதான் கடைசி என்று வைத்துக்கொள்.

கடிதம் வரவில்லை. கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு புகை கக்கி வருகிற அந்தப் பஸ் வந்து தபால் பையைப் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர் போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்றோம். பட்டாளத்துக் கடிதத்தையெல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், தாமதமாகும் என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார். அப்படி ஒரு நாள் முற்பகலில் நான் நெல் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸிலிருந்து பட்டாள உடுப்பில் ஒருவன் இறங்கி நம் வீட்டைக் கேட்டுக்கொண்டு வருகிறான். நீ இல்லை. ஆனால் அவன் கையில் இருந்தது உன் தகரப் பெட்டி. மூடியில் உன் பெயரை வெள்ளைப் பெயின்டில் நீ எழுதியது எனக்குத் தெரியாதா? ஆள் வராமல் பெட்டி மட்டும் வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த நெல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, “அவனுக்கு ஒண்ணும் இல்ல அம்மே, நல்லா இருக்கான், நல்லா இருக்கான்” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னான்.

அவன்தான் உன் அறைத் தோழன் வர்கீஸ். மலைக்கு மேலே வண்டிப்பெரியாற்றில் மாமனார் வீட்டில் இருக்கிற மனைவியைப் பார்க்க லீவில் போகிற வழியில் பெட்டியைக் கொடுக்க வந்திருந்தான். உன்னிடம் கற்ற தமிழ் என்றான். அப்படியே நம் ஊர்ப் பேச்சு, நடுநடுவே மலையாளம். உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தேன். மாமா தந்தியை எடுத்து வந்து, உன் பதில் ஏன் இன்னும் வரவில்லை என்று அவனிடம் கேட்டார். அவன் தந்தியைப் பார்த்தான், வாசலில் நட்டிருந்த காலைப் பார்த்தான், திரும்பவும் தந்தியைப் பார்த்தான்.

“மாமா, போஸ்டட்னா எங்க பட்டாளத்துல வேற அர்த்தம். தபால்ல போட்டது கடுதாசியை இல்ல. அவனைத்தான்.”

நீ பர்மா எல்லைப் பக்கம், சண்டை நடக்கிற படையின் முகாமுக்கு அனுப்பப்பட்டுவிட்டாய் என்று அவன் சொன்னான். இடத்தின் பெயரைத் தந்தியில் சொல்லக் கூடாதாம். போய்ச் சேர்ந்து விவரமாக எழுதுவதாக அவனிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினாயாம். ஏன்டா, அந்த ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து பெற்றவளிடமும் ஆபீஸ் பாஷையா பேசுவாய்? நம் பேச்சில் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் வாசல் தாண்டுவதில்லை. போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வோம். அதற்குள்ளேயே வருவதும் இருக்கும். உன் தந்தியில் போனது மட்டும்தான் இருந்தது. நீ எல்லை எல்லையாகத் தாண்டிக்கொண்டிருந்த நாளில் நாங்கள் இங்கே கால் நட்டுக் குலவையிட்டிருக்கிறோம். இதெல்லாம் மூடத்தனம் என்று நீ சொல்வாய். மூடத்தனமாகவே இருக்கட்டும். அந்தக் கொம்பைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

பவுனு கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அழுவாள் என்று பார்த்தேன். அவள் என்னிடம் வந்து, “கடுதாசின்னா படிச்சுட்டு மடிச்சு வைக்கலாம் அத்தே. மச்சானே போயிருக்காக. நா எதை மடிச்சு வைக்க?” என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அதற்குப் பதிலை நீ சொல்.

வர்கீஸுக்குச் சோறு போட்டேன். அவன் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அப்போதுதான் மீதியைச் சொன்னான். அந்த எல்லைப் படைக்கு டில்லி ஆபீசிலிருந்து ஒரு கேப்டன் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். எங்கே எந்த ஆபீசர் குறைகிறது, யாரை அனுப்பலாம் என்று பெயர் எழுதி மேலே வைக்கிற வேலை உன் மேஜையில்தான் இருந்ததாம். இதை ஏன்டா என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை? முறைப்படி அடுத்துப் போக வேண்டியவன் வர்கீஸ். அவன் மனைவி பிள்ளை உண்டாகியிருக்கிறாள். அவன் பெயர் வர வேண்டிய இடத்தில் நீ உன் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். உன் பெயரை நீயே எழுதுகிறாயா என்று பெரியவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்து ஆன பிறகுதான் வர்கீஸுக்கே தெரியும். “எழுதினது அவன் கை தன்னே அம்மே” என்றான். எழுதத்தான் தெரியும், அதிகாரம் இல்லை என்று எனக்கு எழுதியதும் அதே கைதானே?

உண்மையைச் சொல்கிறேன், அவன் முன்னால் இருந்த இலையை இழுத்துச் சுருட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது. என் பிள்ளை இருக்க வேண்டிய நிழலில் இவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று மனசு கொதித்தது. ஆனால் கை என்னவோ இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றியது. பழக்கம். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

இந்த வீட்டில் இது முதல் தடவையா? உன் அப்பா மேகமலை எஸ்டேட்டில் காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கிவரப் போனார். யாராவது போக வேண்டுமே என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்ததும் இவர் எழுந்துவிட்டார். அவரைச் சுமந்து சின்னமனூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் பிழைத்து, இன்றைக்கும் சந்தையில் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்கிறார். உன் அப்பா வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உனக்கும் அப்போது காய்ச்சல் தொட்டது. கொயினா மாத்திரையைக் கொடுத்தால் பாதியைக் கடித்துப் பவுனுக்குக் கொடுத்துவிட்டு, முழுதும் தின்றுவிட்டேன் என்று நாக்கை நீட்டிக் காட்டுவாய். கசப்புக்குப் பயந்து செய்கிறாய் என்று நினைத்தேன். பவுனுக்கும் அந்த வாரம் உடம்பு சுட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரெல்லாம் உன்னையும் உன் அப்பாவையும் புகழ்கிறது. நல்லவர்களோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு பயமான காரியம் அது என்று. எந்த நேரத்தில் எவனுக்காக எழுந்து போவார்களோ என்று பார்த்துக்கொண்டே சமைக்க வேண்டும், பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும்.

அதனால் உனக்கு ஒரு தாய் சொல்லக் கூடாத புத்தியைச் சொல்கிறேன். கொஞ்சம் கெட்டவனாக இரு. யார் போகிறீர்கள் என்று கேட்டால் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டு. அவசரமில்லாமல் கட்டு. அங்கேயும் நீ பெரியவர்கள் சொல்வதை எழுதுகிற ஆள்தான் என்று வர்கீஸ் சொன்னான். அப்படியானால் கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுது, எட்டிப் பார்க்காதே. அந்தக் காட்டில் குண்டைவிடக் காய்ச்சல்தான் அதிகம் கொல்கிறதாம். கொயினாவை முழுசாக விழுங்கு. பக்கத்தில் இருப்பவனுக்குப் பட்டாளம் கொடுக்கும். சாப்பாட்டுக்கு முதல் வரிசையில் நில். இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொண்டே செய்.

இன்னொன்று இருக்கிறது. கை கழுவிவிட்டு வந்த வர்கீஸ், நான் என்ன செய்ய வேண்டும் அம்மே என்று கேட்டான். உன் நாற்காலியில் இப்போது அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். மழைக்காலம் முடிந்ததும் உனக்கு மாற்று ஆள் அனுப்பலாம் என்று அவன் எழுதி வைக்க முடியும், பெரியவர் பெரும்பாலும் போட்டுவிடுவார். ஆனால் உன்னைக் கூப்பிட வேண்டுமானால் அந்த இடத்துக்கு இன்னொரு பெயரை எழுதியாக வேண்டும். “ஆரோட பேருன்னு மட்டும் அம்மே கேக்கண்டா” என்றான். நான் கேட்கவில்லை. எழுது என்றேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். யாரோ ஒருத்தி பெற்ற யாரோ ஒருவன். எனக்கு அவன் முகம் தெரியாது. உத்தமபாளையத்து அம்மாவிடம் என் மகனால் ஒன்றும் ஆகாது என்று கையை விரித்தவள், என் பிள்ளை என்று வந்ததும் ஒரு நொடியில் எழுது என்றுவிட்டேன். ஆகவே தம்பி, உன்னைத் திரும்பக் கூப்பிட்டு உத்தரவு வந்தால் மறுக்காதே, யார் என்ன என்று விசாரிக்காதே, கிளம்பி வந்துவிடு. வர்கீஸ் லீவு முடிந்து இந்த வழியாகத்தான் டில்லி போகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து உனக்குச் சேர்த்துவிடுவான்.

*

மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். காகிதத்துக்குத் தட்டுப்பாடு; இருக்கட்டும். உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்கும் தெரிந்திருக்கட்டும். கடிதத்தைக் கொடுக்கப் போனவள் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்து, இன்று தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று குமுளியிலிருந்து பஸ் இறங்கி வருகிற நேரத்துக்கு நானும் பவுனும் சாலையில் போய் நின்றோம். வர்கீஸ் மட்டும் வருவான் என்று நினைத்தேன். அவன் பின்னாலேயே அவன் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். சாராம்மா. மலைப் பாதையில் அந்த வயிற்றோடு வரக் கூடாது என்று எல்லோரும் சொல்லியும், உன் அம்மாவைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று பிடிவாதமாக வந்திருக்கிறாள். கூட வந்த தகப்பனாரோடு அடுத்த பஸ்ஸில் மலைக்குத் திரும்புவதாக ஏற்பாடு. வந்ததும் வராததுமாக ஒரு பொட்டலம் ஏலக்காயை என் கையில் வைத்து, என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். “குஞ்ஞு பிறக்கும்போ இவரு டில்லியில இருக்கும். உங்க மகன் தந்நது அம்மே” என்றாள். தினமும் ஜெபத்தில் உன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறாளாம். சின்னப் பெண், பவுனு வயசுதான் இருக்கும். உள்ளே அது என் கையை உதைத்தது.

நான் வர்கீஸைப் பார்த்தேன். அவன் கேட்க வேண்டாம் என்று சொன்ன கேள்வியை அப்போது கேட்டேன், யார் பெயர் என்று. அவன் சாராம்மாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சிரித்துக்கொண்டு நின்றாள். உன்னைப் போலவே அவனும் பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தெரியாதவன். அந்த ஆபீசில் உங்களுக்கெல்லாம் எழுத வருகிற ஒரே பெயர் உங்கள் பெயர்தானா?

பஸ்காரன் ஹாரன் அடித்தான். கடிதத்தை முந்தானைக்குள் பிடித்திருந்தேன். நான் ஒரே நாளில் நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதே. யாரோ ஒருவன் பெயராக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கடிதத்தை நீட்டியிருப்பேன். முகத்தைப் பார்த்துவிட்டேன், கையை உதைத்துவிட்டது, அவ்வளவுதான். என் கை இன்னும் அவள் வயிற்றில்தான் இருந்தது.

“எழுதாதய்யா” என்றேன்.

அவன் கேட்காதது போல நின்றான். அவள் என்ன என்று இருவரையும் பார்த்தாள். “எழுதாத. நீ டில்லியிலயே இரு. சொல்லிட்டேன்” என்று இன்னொரு தடவை சொன்னேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். கரிப்புகை கலைகிறவரை நின்றோம். ஓடிப்போய்ப் பஸ்ஸை மறித்து, எழுது, எழுது என்று கத்தலாம் போல இருந்தது. பவுனு என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தது விழாமல் இருக்கவா, ஓடாமல் இருக்கவா, தெரியவில்லை. சாராம்மாவையும் தகப்பனாரையும் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீடு வந்தோம். வந்ததும் பவுனு முகூர்த்தக்காலைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்தாள். அது துளிர்த்திருக்கிறது. மாமா நல்ல சகுனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற மண்ணில் எந்தக் கொம்பை நட்டாலும் துளிர்க்கும். நான் அதை நம்பவில்லை. ஆனாலும் ஆடு கடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே தம்பி, இதுதான் நிலைமை. போகச் சொல்லி எழுதியவன் நீ. வரச் சொல்லி எழுத அங்கே ஒருவன் இருந்தான், அவனை வேண்டாம் என்று சொன்னவள் நான். இனி உனக்காக எழுத டில்லியிலும் ஆள் இல்லை, கூடலூரிலும் ஆள் இல்லை. நீயே பத்திரமாக இருந்து, நீயே வந்து சேர வேண்டும். நான் செய்தது சரியா என்று என்னிடம் கேட்காதே. நீ திரும்பி வந்தால் சரி, வராவிட்டால் நான் பாவி. இந்தப் பயத்தோடுதான் இனி அடுப்பு மூட்டப்போகிறேன்.

யுத்தம் முடிந்து கிளம்பும்போது தந்தி அடி. பெரிய பெரிய இங்கிலீஷ் சொல் எதுவும் வேண்டாம். இங்கிலீஷ் எழுத்திலேயே ‘வாரேன்’ என்று ஒரு சொல் அடித்தால் போதும். போஸ்ட்மாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் யாரும் வேறு அர்த்தம் சொல்ல முடியாது.

உன் அம்மா